பரணில் பத்து மணி நேரம்: கைகால் சூட்டின் வரவு செலவு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் ஆண்டுதோறும் நவம்பர் 15இல் தொடங்கி 30இல் முடிகிறது. மொத்தம் 16 நாள். சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பிருந்து, மறைந்து அரை மணி ஆகும் வரை சுடலாம். மாநிலத்தின் வடக்கே, சுப்பீரியர் ஏரியை ஒட்டிக் கிடக்கும் மேல் தீபகற்பத்தில் நவம்பர் கடைசி வாரத்துப் பகல் ஏறத்தாழ 9 மணி 10 நிமிடம். இருபுறமும் அரை மணியைச் சேர்த்தால் ஒரு நாளின் வேட்டை நேரம் 10 மணிக்குச் சற்று அதிகம். 2014இல் வந்த கட்டணப்படி உள்ளூர்வாசிக்கு அடிப்படை உரிமம் 11 டாலர், ஒரு மானுக்கான உரிமம் 20 டாலர், ஆக 31. அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 6 லட்சம் பேர் மிச்சிகனில் மான் உரிமம் வாங்கியிருக்கிறார்கள்.

அந்தப் பத்து மணி நேரமும் வேட்டைக்காரர் செய்யும் வேலை அசையாமல் உட்கார்ந்திருப்பது. மரத்தில் கட்டிய பரணிலோ தரையில் போட்ட மறைப்புக் குடிலிலோ அவர் இருப்பார். வெள்ளைவால் மான் சின்ன அசைவையும் கண்டுகொள்ளும். காலை வெப்பநிலை −10 டிகிரி செல்சியஸுக்கு இறங்குவது அந்தப் பக்கம் புதிதல்ல. பொழுது சாயும் முன்பே பரணை விட்டு இறங்குகிறவரைக் கேட்டால் பெரும்பாலும் கால்விரலைத்தான் காரணம் சொல்வார், அடுத்தபடியாகக் கைவிரலை.

இந்தக் குளிரை விரட்ட மனிதர்கள் செலவழிக்கும் பணம் கொஞ்சமல்ல. 200 டாலர் பூட்ஸ், மின்கலம் வைத்த காலுறை, பெட்டி பெட்டியாகச் சூட்டுப் பொட்டலங்கள் என்று வாங்குகிறார்கள். அப்படியும் கால் மரத்துப்போகிறது. செலவு போய்ச்சேரும் இடம் தவறு என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்ல ஒரே வழி, எவ்வளவு சூடு போகிறது, எவ்வளவு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு விலை என்று எண்களைப் போட்டுப் பார்ப்பது.

உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் உண்டாக்கும் வெப்பம் சுமார் 100 வாட். பூட்ஸ் போட்டுப் பனியில் நடந்தால் 300 வாட் வரை போகும். உடலின் தோல் பரப்பு சராசரியாக 1.8 சதுர மீட்டர். அதில் ஒரு பாதம் ஏறத்தாழ 0.06 சதுர மீட்டர், ஒரு கை 0.045. நான்கையும் கூட்டினால் 0.21, அதாவது மொத்தத் தோலில் சுமார் 12 விழுக்காடு.

நல்ல குளிர்கால பூட்ஸின் வெப்பத்தடையைச் சதுர மீட்டருக்கு 0.3 அலகு என்று வைத்துக்கொள்வோம். பாதத்தின் தோல் 25 டிகிரி, வெளிக்காற்று −10 டிகிரி, வித்தியாசம் 35. ஒரு பாதம் இழப்பது 0.06 × 35 ÷ 0.3, அதாவது 7 வாட். அதே தரத்துக் கையுறைக்குள் ஒரு கை 5 வாட்டுக்குக் கொஞ்சம் மேல் இழக்கும். இரண்டு பாதமும் இரண்டு கையும் சேர்ந்து 24 வாட். நூறு வாட் சம்பாதிக்கும் உடல் அதில் கால்பங்கை, எட்டில் ஒரு பங்கு மட்டுமே இருக்கும் உறுப்புகளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நடுவுடல் குளிரத் தொடங்கியதும் உடல் இந்தச் செலவை முதலில் வெட்டுகிறது. இதயம், நுரையீரல், ஈரல் இவற்றைக் காப்பாற்ற விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களை இறுக்கிவிடுகிறது.

அந்த இறுக்கம் எவ்வளவு கடுமையானது என்பதையும் கணக்கிடலாம். பாதத்துக்கு 35 டிகிரியில் வரும் ரத்தம் 25 டிகிரியில் திரும்பினால், ஒவ்வொரு மில்லிலிட்டரும் சுமார் 38 ஜூல் வெப்பத்தை விட்டுச்செல்கிறது. 7 வாட் என்பது நிமிடத்துக்கு 420 ஜூல். ஆக நிமிடத்துக்கு 11 மில்லிலிட்டர் ரத்தம் போதும். வெதுவெதுப்பான அறையில் இது ஒன்றுமே இல்லை, பாதத்துக்கு இதைப் போலப் பல மடங்கு ஓடும். குளிரில் குழாய்கள் முழுதாக இறுகிவிட்டால் இந்த 11 மில்லிலிட்டர்கூட வராது. விரல் நுனியில் ரத்த ஓட்டம் வெப்பத்திலும் குளிரிலும் நூறு மடங்குக்கு மேல் மாறக்கூடியது. உடலின் பெரும்பாலான தோலில் இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது.

இங்கே ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு. பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930இல் அதை விவரித்தார். குளிரில் வைத்த விரலில் 5 முதல் 10 நிமிடம் கழித்து ரத்தக்குழாய் தானாகத் திறக்கும், கொஞ்சம் சூடேறும், மறுபடி மூடும், மறுபடி திறக்கும். குளிரிலேயே வேலை செய்யும் மீனவர்களிடமும் வடதுருவ மக்களிடமும் இது வலுவாக இருப்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். ஆனால் நடுவுடல் குளிர்ந்திருந்தால் இந்தத் திறப்பு மங்கிவிடுகிறது. உடலின் சொந்த ஏற்பாடும் நடுவுடலின் சூட்டைத்தான் நம்பியிருக்கிறது.

ஆகவே கணக்கேட்டின் முதல் வரி கைக்கும் காலுக்கும் உரியதல்ல, உடுப்புக்கு உரியது. உடையின் வெப்பத்தடையை அளக்க ‘குளோ’ என்ற அலகு உண்டு. கோட் சூட் போட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் உடை சுமார் 1 குளோ. −10 டிகிரியில் 300 வாட்டுடன் நடப்பவருக்கு, மூச்சிலும் வியர்வையிலும் போவதைக் கழித்தால், 2.2 குளோ போதும். அதே ஆள் அதே இடத்தில் அசையாமல் உட்கார்ந்தால் 6.6 குளோ வேண்டும். சரியாக மூன்று மடங்கு. காரிலிருந்து பரண் வரை நடக்கும்போதும் பரணில் உட்காரும்போதும் ஒரே உடுப்பைப் போட்டிருப்பவர் இரண்டில் ஒரு இடத்தில் தோற்றே தீருவார். நடக்கும்போது வியர்ப்பார், அல்லது உட்காரும்போது நடுங்குவார். பெரும்பாலும் முதலில் வியர்த்துவிட்டுப் பிறகு நடுங்குவார்.

கனடாவின் ராணுவ ஆராய்ச்சியாளர்கள் 1990களின் கடைசியில் செய்த சோதனைகள் இதை வேறு வழியில் காட்டின. நடுவுடலை மின்சார உள்ளாடையால் சூடாக்கியபோது, உறைநிலைக்கு வெகு கீழான குளிரிலும் கையுறை இல்லாத விரல்கள் இதமாக இருந்தன. விரலுக்கு நேரடியாக ஒரு வாட்கூடக் கொடுக்கவில்லை, ரத்தமே கொண்டுபோய்ச் சேர்த்தது. எனவே கைகாலுக்கென்று ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு மார்புக்கும் கழுத்துக்கும் தலைக்கும் போகட்டும். பருத்த மேலங்கியை முதுகுப்பையில் கட்டிக்கொண்டு நடந்து, பரணில் ஏறி மூச்சு அடங்கிய பிறகு போடுவதற்குச் செலவு பூஜ்யம். தலைக்கு அந்த ஊரிலேயே தொப்பி கிடைக்கிறது: 1903இல் ஸ்டார்மி குரோமர் என்ற ரயில் ஓட்டுநருக்காக அவர் மனைவி தைத்த காது மூடும் கம்பளித் தொப்பி, 2001 முதல் மேல் தீபகற்பத்து அயர்ன்வுட் நகரில்தான் தயாராகிறது.

அடுத்து ஈரம். நடந்து வந்த காலில் வியர்வை கசிந்து காலுறையில் 50 கிராம் தண்ணீர் தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 2.4 கிலோஜூல் வேண்டும். ஐம்பதுக்கு 120 கிலோஜூல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சூட்டுப் பொட்டலத்தின் கணக்கு வரும்போது பயன்படும். ஆவியாகாமல் தங்கும் ஈரமும் சும்மா இருப்பதில்லை. அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 24 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சாதாரண ஈரப்பதத்தில் கம்பளி தன் எடையில் 16 விழுக்காடு ஈரத்தை நாருக்குள் வாங்கும், பருத்தி 8, பாலியெஸ்டர் 0.4. கம்பளி எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரம் ஏறினாலும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. பருத்திக் காலுறை வேட்டைக்கு உதவாது என்று பெரியவர்கள் சொல்வதன் பின்னால் இந்த எண்கள்தான் இருக்கின்றன.

செய்ய வேண்டியது சுலபம். பூட்ஸின் கயிற்றைத் தளர்த்தி, மெல்லிய காலுறையோடு நடக்க வேண்டும். பரணில் ஏறியதும் அதைக் கழற்றி, காலைத் துடைத்து, உலர்ந்த தடித்த கம்பளிக் காலுறையை மாட்ட வேண்டும். நல்ல கம்பளிக் காலுறை ஒரு ஜோடி ஏறத்தாழ 25 டாலர், பல பருவங்கள் வரும். இரண்டு தடித்த காலுறையை இறுக்கமான பூட்ஸுக்குள் திணிப்பது எதிர்விளைவைத் தரும். அழுத்தத்தில் காற்று வெளியேறுகிறது, ரத்த ஓட்டமும் குறைகிறது. வேட்டை பூட்ஸை அரை அளவு அல்லது ஓர் அளவு பெரிதாக வாங்குவது இதனால்தான்.

பூட்ஸ் பெட்டியில் 400 கிராம், 800, 1200, 2000 கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். அது பூட்ஸின் எடை அல்ல. உள்ளே வைத்த இழைப்பஞ்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது. எண் கூடக்கூடத் தடிமன் கூடும், சூடும் கூடும், கூடவே நடக்கும்போது வியர்வையும் கூடும். காலில் சுமக்கும் ஒரு கிலோ, முதுகில் சுமக்கும் 4 முதல் 6 கிலோவுக்குச் சமமான உழைப்பை வாங்குகிறது. ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்து பரணுக்குப் போகிறவருக்கு 2000 கிராம் பூட்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவருக்கு இலகுவான பூட்ஸும், பரணில் ஏறிய பின் பூட்ஸுக்கு மேலேயே மாட்டிக்கொள்ளும் பஞ்சு உறையும் பொருத்தம். அந்த உறை ஏறத்தாழ 80 டாலர். அது தடையை 0.3இலிருந்து 0.5ஆக உயர்த்தினால் ஒரு பாதத்தின் இழப்பு 7 வாட்டிலிருந்து 4.2க்கு இறங்குகிறது. கிட்டத்தட்ட 3 வாட் மிச்சம், அதுவும் எதையும் எரிக்காமல்.

அதைவிட மலிவான மிச்சம் ஒன்று காலடியில் இருக்கிறது. பரணின் தளம் இரும்புக் கம்பி வலை, அதுவும் −10 டிகிரியில். உள்ளங்கால் பரப்பு 0.02 சதுர மீட்டர். பூட்ஸின் ரப்பர் அடியும் ஃபெல்ட்டும் சேர்ந்த தடை 0.3 என்றால் அடிவழியாக மட்டும் 2.3 வாட் போகிறது. தளத்தின்மேல் 12 மில்லிமீட்டர் தடிமனான ஃபோம் விரிப்புத் துண்டை வெட்டிப் போட்டால் தடை இரட்டிப்பாகும், இழப்பு 1.2 வாட்டுக்கு இறங்கும். விலை 10 டாலருக்கு மேல் போகாது, பல ஆண்டுகள் உழைக்கும். இதைக் கடைக்காரர் யாரும் சிபாரிசு செய்வதாகத் தெரியவில்லை. ஆனால் கடல்நாய் மூச்சுவிட வரும் பனித்துளையருகே மணிக்கணக்காகக் காத்திருக்கும் இனுவிட் வேட்டைக்காரர் காலுக்கடியில் தோல் துண்டு போட்டுத்தான் நிற்பார். இந்தக் கணக்கேட்டில் மிகச் சிறந்த பேரம் இதுவே என்பது என் தீர்ப்பு.

இனி கை. விரல் மெல்லிய உருளை என்பதால் அதன் கணக்கு வேறு மாதிரி. உருளையின் மேல் பஞ்சைச் சுற்றச் சுற்ற வெளிப்பரப்பும் பெருகுகிறது. அதனால் பஞ்சின் பலன் குறைந்துகொண்டே போகிறது. 16 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள விரலுக்கு 6 மி.மீ. பஞ்சு சுற்றினால், தட்டையான பரப்பில் 4.5 மி.மீ. தரும் பலன்தான் கிடைக்கும். 12 மி.மீ. சுற்றினால் 7.3, 18 சுற்றினால் 9.4. மும்மடங்கு பஞ்சுக்கு இருமடங்கு பலன், அதற்குள் விரல் மடங்காத அளவுக்குக் கையுறை பருத்துவிடும். நான்கு விரலையும் ஒரே பைக்குள் போடும், விரல் பிரியாத கையுறையில் உருளை பெரிது. அங்கே 12 மி.மீ. பஞ்சுக்கு 10.5 மி.மீ. பலன் கிடைக்கிறது. விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுப்பது இதற்கு மேலதிகம்.

மேல் தீபகற்பத்துக்காரர்கள் இதை ‘சாப்பர்’ என்கிறார்கள். வெளியே மான்தோல், உள்ளே தனியாகக் கழற்றக்கூடிய கம்பளிக் கையுறை. காட்டில் மரம் வெட்டியவர்களின் உடைமை அது, விலை ஏறத்தாழ 50 டாலர். ஈரமான உள்கையுறையை எடுத்துவிட்டு உலர்ந்ததைச் செருகலாம் என்பது அதன் பெரிய பலம். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு துப்பாக்கியின் விசையை இழுக்க முடியாது. சுடும் கைக்கு மெல்லிய கையுறை ஒன்றும், இடுப்பில் கட்டிக்கொண்டு இரு கையையும் நுழைத்துக்கொள்ளும் பஞ்சுக்குழல் ஒன்றும் இருந்தால் போதும். பஞ்சுக்குழல் 30 டாலர் அளவில் கிடைக்கிறது. விரல் தோல் 15 டிகிரிக்குக் கீழே போனால் நுணுக்கமான வேலை தடுமாறும். 8 டிகிரி அளவில் தொடு உணர்ச்சியே போய்விடும். விசையின் மேல் உணர்வற்ற விரலை வைப்பது பிறர் உயிரோடு விளையாடுவது. அந்த நிலையில் துப்பாக்கியை இறக்கிவைத்துவிட வேண்டும். இரும்பு மரத்தைவிட ஏறத்தாழ 300 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், வெறும் விரல் உலோகத்தில் படாமல் பார்ப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

வெளியிலிருந்து விலைக்கு வாங்கும் சூட்டுக்கு வருவோம். கைப் பொட்டலத்துக்குள் இரும்புத்தூள், உப்பு, கரித்தூள், தண்ணீர், ஈரம் பிடித்துவைக்கும் ஒருவகைத் தாதுத்தூள் இருக்கின்றன. உறையைப் பிரித்ததும் காற்று பட்டு இரும்பு துருப்பிடிக்கும், சூடு வரும். ஜப்பானில் லோட்டே நிறுவனம் 1978இல் ‘ஹொக்கரோன்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கிய பிறகு இது பரவலாயிற்று. ஒரு கிராம் இரும்பு முழுதாகத் துருவானால் 7.4 கிலோஜூல். பொட்டலத்தில் 12 கிராம் இரும்பு இருந்தால் 88 கிலோஜூல். 10 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் 2.5 வாட்.

காலுறை ஈரத்தின் 120 கிலோஜூலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நனைந்த காலுறையை உலர்த்தவே ஒரு முழுக் கைப் பொட்டலம் போதாது. கால்விரல் பொட்டலம் இன்னும் சிறியது. அதில் பாதி இரும்பு என்றால் 8 மணி நேரத்துக்கு 1.5 வாட். ஃபோம் துண்டு மிச்சப்படுத்தியது 1.1 வாட் என்பதை மறக்க வேண்டாம். இறுக்கமான பூட்ஸுக்குள் காற்று போகாவிட்டால் அந்த ஒன்றரை வாட்டும் வராது.

மற்ற வழிகளின் கணக்கு சுருக்கமாக இது. விலைகள் எல்லாம் அமெரிக்கக் கடை விலையின் தோராயம்.

இரும்புப் பொட்டலம், ஜோடி: 176 கிலோஜூல், 75 சென்ட். ஒரு மெகாஜூலுக்கு 4.25 டாலர்.

பென்சின் சூடேற்றி: 25 மில்லிலிட்டர், சுமார் 770 கிலோஜூல், 50 சென்ட் எரிபொருள். ஒரு மெகாஜூலுக்கு 65 சென்ட். கருவி தனியாக 20 டாலர்.

5000 மில்லியாம்ப்-மணி மின்கலம், 3.7 வோல்ட்: 18.5 வாட்-மணி, 67 கிலோஜூல். மின்சாரச் செலவு ஒரு சென்ட்கூட ஆகாது. கருவியின் விலைதான் செலவு.

புரொப்பேன் உருளை, 454 கிராம்: 22.8 மெகாஜூல், 6 டாலர். ஒரு மெகாஜூலுக்கு 26 சென்ட்.

இந்தப் பட்டியலில் என் மனத்தைக் கவர்வது பென்சின் சூடேற்றி. ஜப்பானியர் மட்டோபா நிஈச்சி 1923இல் விற்கத் தொடங்கிய ஹக்கின் கைரோ இவ்வகையின் மூத்த பிள்ளை. பிளாட்டினம் வினையூக்கியால் சுடரில்லாமல் எரியும். 25 மில்லிலிட்டரில் 24 மணி நேரம் தாங்கும், அதாவது தொடர்ந்து 9 வாட்டுக்கு அருகில். மூன்றரைக் கைப் பொட்டலங்களின் வேலையை ஒன்றே செய்கிறது. அதைச் சட்டைப்பையில் மார்போடு ஒட்டி வைத்தால், மேலே சொன்ன கனடா ஆய்வின் பாடமும் சேர்ந்து பலிக்கும். லேசான எண்ணெய் வாடை வரும் என்பது வேட்டையில் ஒரு குறைதான்.

மின்கலக் காலுறையில் மக்கள் வைக்கும் நம்பிக்கை எண்களுக்குப் பொருந்தவில்லை. 67 கிலோஜூலை இரண்டு காலுக்கு 10 மணி நேரம் பங்கிட்டால் ஒரு காலுக்கு ஒரு வாட்டும் வராது. குளிரில் மின்கலத்தின் கொள்ளளவு வேறு குறையும். 100 டாலருக்கு மேல் கொடுத்து வாங்குகிறவர் தொடர்ந்து எரியவிடாமல், கால் குளிரத் தொடங்கும்போது பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் போட்டால் கொடுத்த காசுக்குப் பலன் உண்டு.

எரிபொருள்களில் புரொப்பேன்தான் மெகாஜூல் கணக்கில் மிக மலிவு. ஆனால் மறைப்புக் குடிலில் வைக்கும் சின்ன அடுப்பே 1100 வாட். கைகால் நான்குக்கும் வேண்டியது 24 வாட். மீதி துணிச்சுவர் வழியாகக் காட்டைச் சூடாக்கப் போகிறது. ஒரு உருளை ஆறு மணி நேரம்கூடத் தாங்காது, நாளுக்கு இரண்டு, 12 டாலர். கதவை மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. காற்றோட்டம் திறந்திருக்க வேண்டும், ஆக்சிஜன் குறைந்தால் தானே அணையும் வகை அடுப்பாக இருக்க வேண்டும், அடுப்பு எரியும்போது தூங்கக் கூடாது.

என்னிடம் 150 டாலர் கொடுத்து ஒருவரைப் பரணுக்கு அனுப்பச் சொன்னால் இப்படிப் பிரிப்பேன்: ஃபோம் துண்டு 10, கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி 50, பஞ்சுக்குழல் 30, பென்சின் சூடேற்றி எரிபொருளோடு 28. மீதி 32 டாலருக்குக் கழுத்தையும் தலையையும் மூடும் கம்பளி. பழைய பூட்ஸே போதும், ஓட்டை இல்லாமல் இருந்தால். அடுத்த ஆண்டு 80 டாலர் சேர்ந்தால் பூட்ஸின் மேலுறை. பொட்டலங்களை அவசரத்துக்கு மட்டும் பையில் வைத்துக்கொள்ளலாம்.

காற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 2001 முதல் அமெரிக்காவும் கனடாவும் பயன்படுத்தும் சூத்திரப்படி, −10 டிகிரியில் 20 கிலோமீட்டர் வேகக் காற்றடித்தால் வெறுந்தோலுக்கு −18 போல இருக்கும், 30 கிலோமீட்டர் என்றால் −20. அந்த எண் −28க்குக் கீழே போனால் மூடாத தோல் அரை மணிக்குள் உறையக்கூடும். மரத்தின் உயரத்தில் இருக்கும் பரணில் காற்று தரையைவிட அதிகம்.

விரல் வெளுத்து, மெழுகு போலாகி, கிள்ளினால் தெரியாமல் போனால் அன்றைய வேட்டை முடிந்தது. தேய்க்காதீர்கள், பனியால் ஒருபோதும் தேய்க்காதீர்கள். உணர்ச்சியில்லாத விரல் வேகுவதும் தெரியாது என்பதால் அடுப்பருகே நீட்டாதீர்கள். மறுபடி உறைய வாய்ப்பில்லாத இடத்துக்கு வந்த பிறகு, 37 முதல் 39 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான நீரில், நிறமும் மென்மையும் திரும்பும் வரை, சுமார் அரை மணி நேரம் வைத்திருந்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.